தெசலி ராணியின் நாலு வரி

லண்டன் நகரத்து நாடகக் குழுக்களிடையே ஆம்ப்ரோஸ் க்ரேலின் கையெழுத்துக்கு நல்ல பேர் இருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காது. மை கசியாது. மூட்டம் போட்ட மத்தியானத்தில் மேடைக்குப் பின்னால் நின்று படித்தாலும் கண் தடுக்காது. அந்தக் கையெழுத்தைக் கடைசி ஆறு வருஷமாக எழுதிவந்தவள் அவருடைய மனைவி தாமசின். அது தங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று புருஷனும் பெண்சாதியும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் முறையாகத் தொழில் பழகிய பத்திர எழுத்தர். எழுத்தர் சங்கத்தில் அவர் பேர் உண்டு. ஒரு குளிர்காலத்தில் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பியர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில் கொட்டியது. அந்த மாதம் வேலை வந்து சேர்ந்தபோது தாமசின் ஒன்றும் கேட்காமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேர் என்ற ஊரில் தேவாலயப் பதிவேடு எழுதியவரின் மகள் அவள். எழுத்து அவளுக்குப் புதிதல்ல. புருஷனின் பழைய காகிதங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நாலு நாள் அவர் கையைப் பழகினாள். ஐந்தாம் நாள் ஆம்ப்ரோஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எழுத்தோட வாலை இவ்வளவு நீட்டமாட்டேன் நான்" என்றார்.

"சரி, குறைக்கிறேன்."

அவ்வளவுதான் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது. கிரயம், உயில் போன்றவற்றை ஆட்களின் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். வெளியே போய்வர உடம்பு இடம் தரவில்லை என்று சொல்லி ஆம்ப்ரோஸ் அவற்றை விட்டுவிட்டார். வீட்டிலேயே வைத்து எழுதக்கூடிய நாடக வேலை மட்டும் மிஞ்சியது.

கவிஞர் கொண்டுவந்து தருவது அடித்தலும் திருத்தலுமாக இருக்கும். அதைச் சுத்தமாக எழுதி மூலப்படி ஒன்று தயார் செய்ய வேண்டும். அந்தப் படி அரண்மனையில் நாடகங்களுக்கு அனுமதி தரும் அதிகாரியிடம் போய், வேண்டாத வரிகள் அடிக்கப்பட்டு, கடைசிப் பக்கத்தில் கையொப்பத்தோடு திரும்பி வரும். பிறகு ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் பேச்சை மட்டும் தனிச் சுருளாக எழுத வேண்டும். மற்றவர் பேச்சில் கடைசி மூன்று வார்த்தை மட்டும் சுருளில் இருக்கும். அதைக் கேட்டதும் இவர் பேச ஆரம்பிக்க வேண்டும். ஆகவே நடிகர்களில் யாருக்கும் முழு நாடகம் தெரியாது. கவிஞருக்குத் தெரியும், குழுவின் ஏடுகளைக் காக்கும் ராஃப் டன்ஸ்டலுக்குத் தெரியும், ஃபாஸ்டர் சந்தில் மாடியறையில் உட்கார்ந்திருந்த தாமசினுக்குத் தெரியும்.

அவள் ஆற்றைக் கடந்து போய் நாடகம் பார்த்தது இரண்டே தடவை. பிடிக்கவில்லை. "நல்ல வரியா பாத்து முழுங்கிடறானுங்க" என்று வந்து சொன்னாள். காகிதத்தில்தான் நாடகம் முழுசாக இருந்தது அவளுக்கு. ஆறு வருஷத்தில் முப்பதுக்கு மேல் எழுதியிருந்தாள். எந்தக் கவிஞர் எங்கே மூச்சு வாங்குவார், யார் ஒரே உவமையை வருஷாவருஷம் சட்டை மாற்றிக் கொண்டுவருவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளுக்கு முப்பத்தெட்டு வயதாயிருந்தபோது, இறைச்சி விலக்கும் தவக்காலத்துக்கு முந்தைய திங்கட்கிழமை அரசர் முன்னிலையில் நடிப்பதற்காக 'தெசலி நாட்டு ராணி' என்ற புது நாடகம் எடுக்கப்பட்டது. எழுதியவர் பெவிஸ் ஹாக்கெட். நார்விச் ஊரில் காலுறை விற்றவரின் மகன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, வாள் கட்டிக்கொண்டு, தன்னைப் பிரபு குடும்பத்துப் பிள்ளை என்று நினைக்கும்படி நடந்துகொண்டவர். ஏழு நாடகம் எழுதியும் ஒன்றும் எடுபடவில்லை. எட்டாவதில் ஒரு ராஜா இளையவள் ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்காகப் பத்து வருஷம் குடித்தனம் நடத்திய ராணியைத் தள்ளிவைக்கிறான். அந்த இடத்தில் ராணிக்குப் பதினொரு வரிப் பேச்சு. சிங்கம், கழுகு, எரிமலை எல்லாம் அதில் வரும்.

அனுமதி அதிகாரி அந்தப் பதினொரு வரிக்கும் குறுக்கே கோடு போட்டிருந்தார். ராஃப் டன்ஸ்டல் வியாழக்கிழமை காலையில் மூலப்படியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அண்ணி, சனிக்கிழமைக்குள்ள சுருள் எல்லாம் வேணும்னு ஆம்ப்ரோஸ்கிட்ட சொல்லிடுங்க. கோடு போட்டத விட்டுட்டு மிச்சத்த எழுதினாப் போதும்."

"ஹாக்கெட் பாத்தாரா இத?"

"அவரு எங்க இருக்காரு? சஃபக்ல யாரோ சீமாட்டி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்காரு. இருந்திருந்தா இந்நேரம் என் உசிர வாங்கியிருப்பாரு."

ராஃப் போனதும் அவள் உட்கார்ந்து எழுதினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. ராஜா 'போய்விடு' என்கிறான். பதினொரு வரியும் இல்லாததால் ராணி ஒன்றும் பேசுவதில்லை. உடனே ராஜா, 'சாபமிடுகிறாயா?' என்று பதறுகிறான். வாயே திறக்காதவளைப் பார்த்து இவன் ஏன் பதற வேண்டும்?

ஹாக்கெட்டுக்கு ஆள் அனுப்பினால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ராஜாவின் வரியையும் எடுத்துவிடலாம். ஆனால் அதன் கடைசி மூன்று வார்த்தையைக் கேட்டுத்தான் மந்திரி உள்ளே வருகிறார். தாமசின் பேனாவை வைத்துவிட்டுக் கீழே போய் அடுப்பில் கூழைக் கிளறினாள். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது. கிளறிவிட்டு வந்து, மூலப்படியில் ஓரமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் நாலு வரி எழுதினாள்.

இந்தா சாவிக்கொத்து, வருகிறவள் இடுப்பில் கட்டு.
எந்தக் கதவு மழைக்கு இறுகும், எது காற்றில் முனகும்,
அவளுக்கு யார் சொல்வார்? உனக்கும் தெரியாதே;
உன் வீட்டில் நீ இதுவரை விருந்தாளிதானே.

வரிக்குப் பத்து அசை சரியாக வருகிறதா என்று அவர்கள் மொழிக் கணக்கில் விரல் விட்டு எண்ணினாள். வந்தது. அதையே ராணியின் சுருளிலும் ஏற்றினாள். பிறகு மந்திரியின் சுருளை எடுத்துக்கொண்டாள். தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்ட மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை ராஃப் வந்து வாங்கிக்கொண்டு போனார். புரட்டியபோது ஓரத்தில் இருந்த வரிகளைப் பார்த்தார். ஹாக்கெட் ஊருக்குப் போகும் முன்பே மாற்று வரி கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அனுமதி அதிகாரிக்கு மறுபடியும் காட்ட வேண்டியதுதான் முறை. நேரமில்லை. நாலே வரி. அப்படியே விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில், ஊரெல்லாம் மாவும் முட்டையும் கரைத்து வெண்ணெயில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ராஃப் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆம்ப்ரோஸ், அந்த நாலு வரிய உனக்கு யாரு கொடுத்தது?"

அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த நாலு வரி?"

"சாவிக்கொத்து! நேத்து அரண்மனையில என்ன ஆச்சு தெரியுமா? நம்ம நிக் பாஷம் ராணி வேஷத்துல நின்னு அந்த வரியச் சொல்லி, இடுப்புல இருந்த சாவியக் கழட்டித் தரையில போட்டான். சபையில மூச்சுச் சத்தம் இல்ல. அப்புறம் பின்னால யாரோ ஒரு பொம்பள சிரிச்சா. முன்வரிசையில இருந்த ஹார்ன்பி பிரபுவோட புதுச் சம்சாரம் எழுந்திருச்சு வெளிய போயிட்டா. பிரபு முகம் பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு."

பிறகு ராஃப் அரண்மனையில் உள்ளவர்களெல்லாம் அறிந்த, ஃபாஸ்டர் சந்தில் யாரும் அறியாத கதையைச் சொன்னார். ஹார்ன்பி பிரபு போன இலையுதிர்காலத்தில் திருச்சபை நீதிமன்றத்தில் தன் முதல் மனைவியோடு நடந்த கல்யாணத்தையே ரத்து செய்து வாங்கியிருந்தார். அவர் வாழ்ந்த பெரிய மாளிகை அந்த அம்மாளின் தகப்பன் வீட்டுச் சொத்து. வெளியேறிய அன்று அவள் வேலைக்காரர்கள் எல்லோரும் பார்க்க வாசற்படியில் சாவிக்கொத்தை வீசிவிட்டுப் போனாளாம்.

"வீசினாளா?" என்றாள் தாமசின், கையில் அப்பக்கரண்டியோடு.

"வீசினா. அதத்தான் நாங்க ராஜா முன்னால நடிச்சுக் காட்டிட்டோம்னு இப்ப பேச்சு. மூலப்படிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. அனுமதி வாங்கின பிறகு சேத்த வரி, கையெழுத்து உன்னுது ஆம்ப்ரோஸ். வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிடுறாங்க. ஹாக்கெட்டுக்கு நேத்து ராத்திரியே ஆள் அனுப்பிட்டேன்."

ராஃப் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கல்லில் இருந்த அப்பம் கருகியது.

"என்னைக் கேட்டியா நீ?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்ல?"

"அதான் கேக்கல."

"என் கையில எழுதியிருக்கே தாமசின். உன் கையில இல்ல. என் கை." அவர் நடுங்கிய வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இதால என் பேரக்கூட எழுத முடியாது. அங்க போனதும் முதல்ல, எழுது பாப்போம்னு காகிதத்த நீட்டுவான். அப்ப என்ன செய்யறது?"

"நானே போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு. ஆறு வருஷமா என் பேர்ல ஊரை ஏமாத்தினோம்னும் சேத்துச் சொல்லு. சங்கத்துல என் பேர அடிப்பாங்க. உன் காதை அறுப்பாங்க. அப்புறம் ரெண்டு பேரும் வேர்ல உங்கக்கா வீட்டு வாசல்ல போய் நிப்போம்."

அவள் கருகிய அப்பத்தைக் கல்லிலிருந்து சுரண்டினாள். அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது குறைவு. காய்ச்சலுக்குப் பிறகு அவர் குரல் இப்படி உயர்ந்ததே இல்லை. அது ஒரு வகையில் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் நடந்தே அரண்மனை அலுவலகம் இருந்த வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் கைகளை மேலங்கிக்குள் வைத்திருந்தார். ஓர் இருட்டு நடையில் தாமசினை நிறுத்திவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே சளி பிடித்த ஒரு செயலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"இது உம்ம கையெழுத்தா?"

"ஆமாங்க ஐயா, என் கைதான்."

"இந்த நாலு வரி அனுமதிக்குப் பிறகு ஏறியிருக்கு. யார் சொல்லி எழுதினீர்?"

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார். தாமசின் கதவை நோக்கி ஓரடி வைத்தாள். உள்ளே போய் என்ன சொல்வது என்று வாக்கியம்கூட அமைத்துவிட்டாள். அதற்குள் நடையின் மறுபக்கத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. குதிரைச் சேறு முழங்கால் வரை அப்பியிருக்க, தொப்பியைக் கையில் பிடித்தபடி பெவிஸ் ஹாக்கெட் அவளை இடித்துத் தள்ளாத குறையாகக் கடந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"நான் சொல்லி எழுதினார்" என்றார். "என் நாடகம், என் ராணி, என் வரி. இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? சொன்னதை எழுதற ஆள்."

"நீர் சஃபக்கில் இருந்ததாகக் கேள்வி."

"சஃபக்குல இருந்தா தபால் போகாதா?"

"அந்தக் கடிதம் எங்கே?"

"அத வெச்சு மெழுகுவத்தி கொளுத்தியிருப்பார். எழுத்தர் வீட்டுல கவிஞன் கடிதத்த வெள்ளிப் பேழையில வெச்சுப் பூட்டுவாங்கன்னா நினைச்சீங்க?"

செயலருக்கு ஒரு நடுங்கும் கிழவரை விட வாள் கட்டிய கவிஞர் வசதியாகப் பட்டிருக்க வேண்டும். ஆம்ப்ரோஸைப் போகச் சொல்லிவிட்டார்கள். எழுதிக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. ஹாக்கெட்டை அன்று சாயங்காலமே ஆற்றுக்குத் தெற்கே ஒரு சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஆம்ப்ரோஸ் ஒரே ஒரு தடவை பேசினார். "ஏன் அப்படிச் சொன்னான் அவன்?"

"தெரியலங்க."

தெரியாமல் இருக்க அவளால் முடியவில்லை. பத்து நாள் கழித்து ஒரு கூடையில் ரொட்டியும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் வைத்துக்கொண்டு படகில் ஆற்றைக் கடந்தாள். காவலாளியிடம் கவிஞருக்கு எழுத்தர் வீட்டிலிருந்து சாப்பாடு என்று சொன்னாள். ஹாக்கெட் ஒரு ஜன்னலோர அறையில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தார். அவர்கள் மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கவிஞருக்குத் தாடி வளர்ந்திருந்தது. ஆனால் ஆள் வாடவில்லை.

"க்ரேல் வீட்டம்மாவா? என்ன மீனா? இங்கயும் தவக்காலமா எனக்கு?"

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த நாலு வரி நீங்க எழுதலையே."

ஹாக்கெட் மீனின் முள்ளை எடுத்தார். "உன் புருஷன் எழுதினது. அது எனக்குத் தெரியாதா? பாவம், எலி மாதிரி நின்னுட்டிருந்தார்."

"அவரும் எழுதல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய வலது நடுவிரலில் பேனா பிடித்துப் பிடித்துக் காய்த்த இடத்தைப் பார்த்தார்.

"அட கடவுளே" என்றார் மெதுவாக. பிறகு, "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நான் போய்ச் சொல்லிடறேன். செய்யாத தப்புக்கு நீங்க இங்க இருக்கக் கூடாது."

"சொல்லுவியா? சொல்லிப் பாரு!" குரல் உயர்ந்ததும் சீட்டாடியவர்கள் திரும்பினார்கள். அவர் தணிந்து பேசினார். "இத பாரும்மா. ஏழு நாடகம் எழுதினேன். ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. இப்போ புனித பவுல் தேவாலயத்துல ஊர்வம்பு பேசிட்டு நடக்கறவன் ஒவ்வொருத்தன் பையிலயும் அந்த நாலு வரி இருக்காம். வக்கீல் பசங்க சாவியக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லிச் சொல்லிப் பாக்கறானுங்களாம். நேத்து ஒரு சீமாட்டி எனக்குக் கோழி வறுத்து அனுப்பினா, தவக்காலத்துல! இப்ப நீ போய், எழுதினது எழுத்தர் பொண்டாட்டின்னு சொன்னா என்ன ஆகும்? உன் காதை அறுப்பாங்க. என்னைப் பாத்து ஊரே சிரிக்கும். ரெண்டுல எது மோசம்னு எனக்குத் தெரியல."

"அப்போ எங்களுக்காக நீங்க வரலையா?"

"வந்தேன்னும் வெச்சுக்கோ. வரலைன்னும் வெச்சுக்கோ. சஃபக்லேர்ந்து வர்ற வழியெல்லாம் நானே யோசிச்சேன். குதிரைதான் களைச்சுது." மறுபடி மீனை எடுத்தார். "ஆனா ஒண்ணு. ரெண்டாவது வரியில ஓர் அசை குறையுது."

"குறையல."

"ஒம்பதுதான் இருக்கு."

"எண்ணிப் பாருங்க ஐயா."

ஹாக்கெட் எண்ணெய்ப் பிசுக்கு விரல்களால் மேசையில் தட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "சரி" என்றார். "கூடைய எடுத்துட்டுப் போ. அடுத்த தடவை வெண்ணெய் கொண்டா."

அவள் வெண்ணெய் கொண்டுபோனாள். மொத்தம் ஐந்து தடவை போனாள். போகும்போதெல்லாம் காகிதமும் மையும் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் செய்தது கருணையா, கர்வமா என்று ஆம்ப்ரோஸ் அடிக்கடி கேட்பார். தாமசினுக்கு அதற்கு ஒருநாளும் பதில் கிடைக்கவில்லை. ஹாக்கெட்டுக்கே தெரிந்திருக்கும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

ஒன்பதாவது வாரம் அரசர் ஹார்ன்பி பிரபுவைத் தூதராக வெளிநாட்டுக்கு அனுப்பினார். புது மனைவியும் கூடப் போனாள். கோபப்பட ஆளில்லாமல் போனதும் கவிஞரை யாரும் சொல்லாமலே வெளியே விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஹாக்கெட்டுக்கு நல்ல காலம். பிரபுக்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மறு வருஷம் ஒரு புத்தக வியாபாரி 'தெசலி நாட்டு ராணி'யை அச்சில் போட வந்தார். அச்சுக்குச் சுத்தப் படி எழுதும் வேலை ஃபாஸ்டர் சந்துக்கே வந்தது. தாமசின் எழுதினாள். கோடு போட்ட பதினொரு வரியையும், சிங்கம், கழுகு, எரிமலை உட்பட, ஒன்று விடாமல் திரும்பச் சேர்த்தாள். அந்த நாலு வரியை விட்டுவிட்டாள். அவை அவருடையவை அல்ல, அவர் புத்தகத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது அவள் நியாயம்.

மூன்றாம் நாள் ஹாக்கெட் மாடிப்படி அதிர ஏறி வந்தார். ஆம்ப்ரோஸ் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அந்த வருஷம் அவருக்குக் கால்களும் விழுந்துவிட்டிருந்தன.

"எங்க என் நாலு வரி?"

"உங்க பதினொரு வரி அங்க இருக்குங்களே ஐயா" என்றாள் தாமசின்.

"அத யாரு கேட்டா? புத்தகத்த எடுத்தா முதல்ல ஒவ்வொருத்தனும் அந்தப் பக்கத்தத்தான் தேடுவான். அங்க எரிமலை இருந்தா என்னைக் கல்லால அடிப்பான்!"

"நல்லாத்தானே எழுதியிருக்கீங்க எரிமலைய?"

"கேலி பண்ணாதே. எழுது."

"நான் எழுதமாட்டேன். வேணும்னா நீங்க எழுதிக்கோங்க."

ஹாக்கெட் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் வெளியே சந்தைப் பார்த்தார். கவிஞர் வாளைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். முதல் வரியை எழுதினார். இரண்டாவதில் பாதிக்குப் போனார்.

"எந்தக் கதவு மழைக்கு இறுகும்... எது காற்றில் அழும்..."

"முனகும்."

"அழும்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் தப்பாச் சொல்றாங்க. கதவு அழாது. முனகும்."

அவர் அடித்துவிட்டு எழுதினார். "அப்புறம்?"

அவள் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டு மிச்சத்தைச் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து. தன் வாயால் அந்த வரிகளை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசி வரி முடிந்ததும் ஹாக்கெட் மணலைத் தூவி மையை உலர்த்தினார். அவர் கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தது.

"இத அச்சுக்காரன் படிக்க முடியாது" என்றார் ஆம்ப்ரோஸ், தலையைத் திருப்பாமலே.

ஹாக்கெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமசினும் சிரித்தாள். கடைசியில் அவளே அந்தப் பக்கத்தைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தாள். அவர் எழுதிய காகிதத்தை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. பெரும்பாலும் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள்.

புத்தகம், கடைகள் இருந்த புனித பவுல் தேவாலய முற்றத்தில் நன்றாக விற்றது. ஹாக்கெட் அரண்மனையில் ஏதோ ஒரு சிறு உத்தியோகம் பெற்று, பருத்து, நாடகம் எழுதுவதையே விட்டுவிட்டார். வழியில் பார்த்தால் தாமசினுக்குத் தொப்பியைக் கழற்றுவார். ஓர் எழுத்தர் மனைவிக்கு அவ்வளவு உயரம் தொப்பி தூக்குவானேன் என்று கூட வருகிறவர்கள் கேட்டதுண்டு.

ஆம்ப்ரோஸ் இரண்டு வருஷம் கழித்து வசந்தத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆனதும் ராஃப் டன்ஸ்டல் வந்தார். புது நாடகம் ஒன்றை மேசையில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார்.

"புதன்கிழமைக்குள்ள வேணும் அண்ணி."

தாமசின் அவரைப் பார்த்தாள். "அவர் இல்லையே ராஃப்."

"தெரியும். நான்தானே பெட்டியத் தூக்கினேன்." ராஃப் தொப்பியின் விளிம்பைத் திருப்பினார். "காய்ச்சல் வந்த வருஷமே தெரியும். ஆம்ப்ரோஸுக்கு 'வாளை உருவு'ன்னு எழுதத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் 'உருகு'ன்னு எழுதுவான். ஒருநாள் திடீர்னு எல்லாம் சரியா வர ஆரம்பிச்சுது. நடிகனுங்களுக்குக்கூட ஆச்சரியம்."

"ஏன் சொல்லல நீங்க?"

"எதுக்குச் சொல்லணும்? சுருள் நல்லா இருந்துச்சு."

போகும்போது படியில் நின்று, பின்னால் திரும்பாமல் சொன்னார். "மூணாவது அங்கத்துல சிறைக் காவலன் பேசற இடம் கொஞ்சம் மொட்டையா நிக்குது. எழுதினவன் ஊர்ல இல்ல. பாத்துக்கோங்க."

எழுதினவர் ஊரில்தான் இருந்தார். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவள் காவலனுக்கு ஆறு வரி எழுதினாள். இந்தத் தடவை மூலப்படி அனுமதிக்குப் போகும் முன்பே எழுதினாள். யாரும் அதை அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவள் அந்தக் குழுவுக்கு எழுதினாள். எத்தனை நாடகத்தில் எத்தனை இடம் இப்படி மொட்டையாக வந்தது என்று ராஃபும் சொல்லவில்லை, அவளும் எழுதி வைக்கவில்லை. கொள்ளைநோய் பரவி அரங்குகளை மூடிய கோடையில் வேரில் அக்கா வீட்டுக்குப் போனாள். நோய் தணிந்ததும் ராஃப் ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. வேர் தேவாலயத்தில் பதிவேடு எழுத ஆள் தேவைப்பட்டிருந்தது. கண்ணும் கையும் நன்றாக இருந்ததால் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். இந்த முறை தன் கையெழுத்திலேயே எழுதினாள்.